பேஸ்மென்ட் கார்பெட் நனைந்துவிட்டது, தானாகக் காயுமா?

மல்வேர்ன்வாசி:
வணக்கம். கனடாவில், டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். நேற்றுக் காலை வீட்டுக்காரரின் வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாய் வெடித்து, பக்கத்து அறைக் கார்பெட் பாதிக்கு மேல் நனைந்துவிட்டது. துவாய் போட்டு ஒற்றி எடுத்தோம். விசிறி ஓடுகிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது. கையால் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கிறது, காலால் அழுத்தினால் சாக்ஸ் நனைகிறது. மகளுக்கு இழுப்பு இருப்பதால் பயமாக இருக்கிறது. வீட்டுக்காரரோ, "ஜூலை வெயிலுக்குத் தானாகக் காயும்" என்கிறார். காயுமா?

நிலாமுற்றம்:
சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி, ஓர் இரவு விட்டு, வாக்குவம் பிடியுங்கள் அக்கா. வாடை போய்விடும்.

பழைய கம்பளக்காரன்:
வாடைதான் போகும், ஈரம் போகாது. ஈரத்தில் தூவிய சோடா களியாகி நூலில் ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டுவது இன்னொரு வேலை.

தங்கச்சி, முதலில் ஜன்னலைச் சாத்துங்கள். இந்த ஊர் ஜூலைக் காற்று புழுக்கமானது. குளிர்ந்த காங்கிரீட்டில் பட்டதும் அதிலுள்ள ஈரம் அங்கேயே படிந்துவிடும். வெயில் காய்த்துவிடும் என்று சொல்பவர் மேல்மாடியில் இருக்கிறார், வெயிலும் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் நிற்பது கார்பெட்டில் அல்ல, அதற்கடியில் இருக்கும் நுரைப் பேட்டில். பூஞ்சணம் பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும் என்பதால் இன்றைக்கே கார்பெட்டைக் கிளப்புங்கள். முதலில், தண்ணீர் சுவர் பிளக் வரை ஏறியிருந்தால், அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு மூலையில் குறட்டால் நூலைக் கவ்வி மெல்ல இழுத்தால், சுவரோர மரப்பட்டையிலிருந்து கார்பெட் கழன்று வரும். அந்தப் பட்டை முழுக்கக் கூரான சிறு ஆணிகள் மேல்நோக்கி நிற்கும். பிள்ளையை அண்டவிடாதீர்கள், நீங்களும் சப்பாத்தோடு நில்லுங்கள்.

நனைந்த பேட்டை வெட்டி எறியுங்கள். அதைக் காயவைத்துக் காப்பாற்றியவர் எவரையும் நான் பார்த்ததில்லை, விலையும் கார்பெட்டோடு பார்த்தால் சொற்பம். தண்ணீர் உறிஞ்சும் வாக்குவம் ஹார்ட்வேர் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். ஒரே இடத்தில் நிதானமாக இழுங்கள், சளசளவென்ற சத்தம் நிற்கும்வரை. நீராவி மெஷின் வேண்டாம், அது இன்னும் தண்ணீர் விடும். பிறகு கார்பெட்டின் ஓரத்துக்கு ஒரு பெயின்ட் டின்னை முட்டுக் கொடுத்து, விசிறியை அடிப்பக்கமாகத் திருப்புங்கள். கார்பெட் பாய்மரம்போல உப்பி நிற்க வேண்டும், அப்போதுதான் இரு பக்கமும் காயும்.

இவற்றைவிட முக்கியம், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தெடுக்கும் டிஹியூமிடிஃபயர். அது இல்லாவிட்டால் விசிறி ஈரத்தை அறைக்குள்ளேயே சுற்றவிடும். ஈரப்பதமானியில் 50 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். சுவரின் அடிப்பகுதியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஜிப்சம் பலகை தண்ணீரை மேலே இழுக்கும், மெத்தென்றிருந்தால் வெட்டி மாற்ற வேண்டியதுதான்.

புதிய பேட் போடுமுன், காங்கிரீட்டில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. இவ்வளவும் குழாய்த் தண்ணீருக்குத்தான். கழிவுநீர் திரும்பி வந்திருந்தால் ஒரே வரிதான் எழுதியிருப்பேன், முழுவதையும் தூக்கி எறியுங்கள் என்று.

ஒன்ராறியோக்காரி:
வாயால் சொல்வதோடு நிற்காமல், படத்தோடு எழுத்தில் அனுப்புங்கள். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, வீட்டை நல்ல நிலையில் பேணுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. உங்கள் பொருட்களுக்கு முதலில் உங்கள் காப்புறுதியைக் கேளுங்கள். பேட்டை எறியுமுன்னும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

மல்வேர்ன்வாசி:
மிக்க நன்றி. இப்போதுதான் மூலையைக் கிளப்பினோம். ஆணிகள் துருப்பிடித்து, மரப்பட்டை கறுத்துக் கிடக்கிறது. இது பூஞ்சணமா அண்ணா?

பழைய கம்பளக்காரன்:
பட்டையில் மட்டும் என்றால் துருக்கறையாக இருக்கலாம், பட்டையை மாற்றினால் போதும். கார்பெட்டைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். அங்கேயும் புள்ளி புள்ளியாக இருந்தால் அது நேற்றைய தண்ணீரில் வந்ததல்ல, ஒரே நாளில் அவ்வளவு பிடிக்காது. முன்பே கசிந்திருக்கிறது. அப்படியானால் காயவைக்கும் பேச்சை விடுங்கள். கார்பெட்டைச் சுருட்டி வெளியே போடச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுதுங்கள், அதுவரை அந்த அறையில் மகளைப் படுக்கவைக்காதீர்கள்.