பைபாஸ் ஆகி 7 வாரம், டைகர் மோத் பிளேன் மாடல் ஒட்டிட்டு இருக்கேன், மேல் ரெக்கையும் கம்பியும் வரமாட்டேங்குது

கோத்தகிரி_பிக்கப்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். நமக்கு கோத்தகிரி பக்கம், வயசு 52. 26 வருசமா பிக்கப் ஓட்டுறேன், கேரட் பீட்ரூட் லோடு ஏத்தி ராத்திரி ரெண்டு மணிக்கு கிளம்பி மேட்டுப்பாளையம் மண்டியில இறக்கிட்டு விடிஞ்சதும் மேல வந்துருவேன். ஏழு வாரத்துக்கு முன்னாடி மூணு அடைப்புன்னு சொல்லி கோயம்புத்தூர்ல பைபாஸ் பண்ணிட்டாங்க, நடு நெஞ்செலும்ப அறுத்து கம்பி போட்டு கட்டியிருக்கு, இடது கால்லேருந்து ரத்தக்குழாய் எடுத்திருக்காங்க. மூணு மாசம் ஸ்டியரிங் தொடக்கூடாது, 3 கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதுன்னுட்டாரு டாக்டர்.

உடம்பு மட்டும் ராத்திரி ஒன்றரைக்கு தானா முழிச்சுக்குது. அந்நேரத்துக்கு கீழ போற வண்டிங்க சத்தம் கேக்கும், கியர் மாத்துறத வெச்சே எந்த வளைவுல போறான்னு தெரியும், அதக் கேட்டா அழுகை வந்துருது, சம்சாரம் முழிச்சுக்கக் கூடாதுன்னு ஹால்ல வந்து உக்காந்துக்குவேன். பையன் சென்னையில இருக்கான், அவன்கிட்ட ஒரு நாள் இதச் சொல்லிட்டேன், அடுத்த வாரமே டைகர் மோத்ங்கற பழைய பிளேனோட பாகங்கள ஒட்டிச் செய்யற கிட்டு ஒண்ணு அனுப்பி வெச்சான், 1/48 சைஸ், அதாவது நிஜ பிளேன்ல 48ல ஒரு பங்கு, ரெக்கை நுனிக்கு நுனி 19 சென்டிமீட்டர் கிட்ட வருது. இதுக்கு முன்னாடி நான் இந்த மாதிரி எதையும் தொட்டது இல்ல. ஆனா இஞ்சின் ஒட்டினப்ப அப்படியே உள்ள போயிட்டேங்க, நாலு சிலிண்டரும் தலைகீழா தொங்குது, கிராங்க் மேல இருக்கு, பெட்ரோல் டேங்க் மேல் ரெக்கைக்கு நடுவுலயே இருக்கு, டேங்க் உசரத்துல இருக்கறதால தானா கீழ இறங்கிரும் போல. அன்னிக்கு ராத்திரி மணி நாலு ஆனது கூட தெரியல.

இப்ப மாட்டிக்கிட்டது என்னன்னா, கீழ் ரெக்கை ஒட்டியாச்சு, மேல் ரெக்கைய வெச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் நுனி பின்னாடி சாஞ்சு நிக்குது, நான் தான் வளைச்சுட்டேனா இல்ல அச்சே அப்படியான்னு புரியல. ரெண்டு ரெக்கைக்கும் நடுவுல குறுக்க கம்பி கட்டணும்னு படத்துல இருக்கு, கிட்டுல கம்பி எதுவும் வரல. அப்புறம் இடது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் ஆபரேசன் ஆனதுலேருந்து மரத்துப் போன மாதிரியே இருக்கு, சின்ன பாகத்த புடிச்சா நழுவி விழுந்துருது. இங்க ஐப்பசி மழை, சன்னல் திறந்தா மேகம் வீட்டுக்குள்ள வருது, சாத்தினா பசை வாசம் நெஞ்ச அடைக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க, இத நல்லபடியா முடிக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.

எல்லநள்ளி_பெரியவர்:

தம்பி, மொதல்ல ரெக்கைய நிமுத்தப் போயிராதீங்க, அது அப்படித்தான் இருக்கணும். இது பைலட்டுக்கு பயிற்சி குடுக்கறதுக்குன்னே செஞ்ச பிளேன், 1931 அக்டோபர்ல முதல் தடவ பறந்துச்சு, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல நம்ம ஆளுங்களும் இதுல தான் கத்துக்கிட்டாங்க. முன் சீட்டுல வாத்தியார், பின் சீட்டுல பையன். ஆபத்துன்னா முன்னாடி உக்காந்தவரு பாராசூட்டோட எந்திரிச்சுக் குதிக்கணும், ஆனா தலைக்கு மேலயே ரெக்கையும் டேங்க்கும் இருந்தா எப்படி எந்திரிப்பாரு? அதனால மேல் ரெக்கையோட நடு பாகத்த முன்னாடி தள்ளி வெச்சாங்க. தள்ளினதும் பேலன்ஸ் முன்னாடி போயிருச்சு, அத சரிக்கட்ட நுனிய பின்னாடி சாய்ச்சுட்டாங்க. நீங்க லோடு ஏத்தறவரு, எடைய எங்க வைக்கறோங்கறது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

மேல் ரெக்கைய ஒட்டுறதுக்கு முன்னாடி மூணு வேலைய முடிச்சிருங்க. பெயிண்ட் பூரா அடிச்சிருங்க, அப்புறம் பிரஷ் உள்ள போகாது. கம்பி வர்ற இடத்துல எல்லாம் 0.3 மில்லி துளை போட்டு வெச்சுக்கங்க, கையில உருட்டுற சின்ன டிரில் போதும். மாத்திரை டப்பா அட்டைய ரெண்டு ரெக்கைக்கும் நடு உசரத்துக்கு வெட்டி நாலு தூண் மாதிரி நிறுத்தி வைங்க. டேங்க்குக்கு கீழ வர்ற நடு தூணுங்க மேலயும், பக்கத்துக்கு ரெண்டா வர்ற வெளித் தூணுங்க மேலயும் மெதுவா காயுற பசைய வெச்சு, ரெக்கைய அட்டை மேல உக்கார வெச்சுட்டு, நேரா முன்னாடி குனிஞ்சு பாருங்க, பின்னாடியும் பாருங்க. சரியா இருந்தா தொடாம விட்டுருங்க. கீழ நாட்டுல ஒரு ராத்திரி போதும்னா இங்க குளிருக்கு ரெண்டு ராத்திரி விடணும்.

கம்பி சும்மா அலங்காரம் இல்ல தம்பி. உடம்புக்கு கீழேருந்து கிளம்பி மேல் ரெக்கையோட வெளித் தூணுக்கு போறது பறக்கும்போது ரெக்கை மேல மடங்காம இழுத்துப் புடிக்கறது. மேல நடுவுலேருந்து கிளம்பி கீழ் ரெக்கையோட வெளித் தூணுக்கு வர்றது தரையில நிக்கும்போது ரெக்கை தொங்காம தாங்கறது. இது புரிஞ்சுட்டா எது எங்க போகுதுன்னு படம் பாக்காமலே கட்டலாம். கிட்டு பாகங்க ஒட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம் மிச்சம் இருக்கும்ல, அத மெழுகுவத்தி மேல காட்டி இளகினதும் வெளிய எடுத்து இழுத்தா முடி மாதிரி நூல் வரும். அளந்து வெட்டி ரெண்டு பக்கமும் ஒட்டிட்டு, தொய்வா இருந்தா ஊதுபத்தி கங்க பக்கத்துல கொண்டு போங்க, தொடக்கூடாது, சுருங்கி விண்ணுன்னு நிக்கும். நான் இருபது வருசமா அப்படித்தான்.

இன்னொண்ணு, சூப்பர் குளூவ ட்யூப்லேருந்து நேரா விட்டா எல்லாம் பாழ். நான் கேத்தி ஊசி ஃபேக்டரில 34 வருசம் வேலை பாத்தவன், எங்ககிட்ட ஊசிக்கா பஞ்சம். பெரிய காது ஊசி ஒண்ணு எடுத்து காதோட மேல் வளைவ மட்டும் வெட்டி எடுத்துருங்க, ரெண்டு முனை இருக்கற குட்டி முள்கரண்டி மாதிரி ஆயிரும். கூர் பக்கத்த பென்சில் பின்னாடி ரப்பர்ல குத்திக்கங்க. பசையில தொட்டா அந்த சந்துல ஒரே ஒரு துளி நிக்கும், துளைகிட்ட வெச்சா தானா உள்ள இறங்கிரும். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கங்க, துண்டு தெறிக்கும். ஊசியில பசை காஞ்சு தடிச்சா பிளேடுல சுரண்டுங்க, நெருப்புல காட்டி எரிக்காதீங்க, அந்தப் புகை ரொம்ப மோசம்.

குன்னூர்_சிஸ்டர்:

அண்ணா, நான் இதய ஆபரேசன் வார்டுல ஒம்பது வருசம் நர்ஸா இருந்தேன், அந்த விரல் விசயத்துக்காகவே எழுதுறேன். நெஞ்செலும்ப வெட்டினதும் ரெண்டு பக்கமும் விரிச்சு வெச்சு தான் ஆபரேசன் பண்ணுவாங்க, அப்ப கைக்குப் போற நரம்புக் கூட்டம் முதல் விலா எலும்பு பக்கத்துல இழுபடும். அதுல அடி வாங்கறது பெரும்பாலும் சுண்டு விரலும் மோதிர விரலும் தான். நெறய பேருக்கு சில வாரத்துலயோ சில மாசத்துலயோ தானா சரியாயிரும். ஆனா "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லாம விடாதீங்க, அடுத்த ரிவியூவுல டாக்டர்கிட்ட எந்த விரல், எப்பலேருந்து, புடி தளர்றதா இல்ல மரத்து மட்டும் இருக்கான்னு தெளிவா சொல்லுங்க. திடீர்னு ஒரு பக்கம் கையே தூக்க முடியலன்னாலோ, வாய் கோணுச்சு பேச்சு குழறுச்சுன்னாலோ அது வேற விசயம், அப்ப ரிவியூ வரைக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே 108.

அது சரியாகற வரைக்கும் இடது கையில பாகத்த புடிக்காதீங்க. துணி காயப் போடற கிளிப்ப ஒரு கட்டையில ஒட்டி வெச்சு அது புடிச்சுக்கட்டும். பிளேடு வலது கையில இருக்கும்போது மரத்த விரல் எதிர்ல இருக்கவே கூடாது, வெட்டினா உங்களுக்கு தெரியாது. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பீங்க, சின்ன வெட்டுக்கும் ரத்தம் லேசுல நிக்காது. சுத்தமான துணிய வெச்சு எடுத்து எடுத்து பாக்காம பத்து நிமிசம் அழுத்திப் புடிங்க, அதுக்கும் நிக்கலன்னா ஆஸ்பத்திரி. பெயிண்ட் டப்பா மூடி இறுகிப் போச்சுன்னா நீங்க திறக்க வேண்டாம், வீட்ல யாரையாவது திறக்கச் சொல்லுங்க, அந்த முறுக்கு நேரா நெஞ்செலும்புக்கு போகும்.

மேசை உசரம் முக்கியம்ணா. முழங்கை ரெண்டும் மேசை மேல, உடம்போட ஒட்டி இருக்கணும், தூரத்துல இருக்கறத எட்டி எடுக்காதீங்க. ஏழு வாரம்னா எலும்பு கூடிட்டு இருக்கு, இன்னும் முழுசா கூடல. அரை மணி நேரம் வேலை, அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்குள்ளயே நடங்க, எந்திரிக்கும்போது கைய ஊனி தள்ளாம கால் பலத்துல எந்திரிங்க. ரத்தக்குழாய் எடுத்த காலு தொங்கிட்டே இருந்தா வீங்கும், ஸ்டூல் மேல நீட்டி வைங்க. இருமல் தும்மல் வந்தா தலகாணிய நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கங்க, மேசைகிட்டயே ஒண்ணு இருக்கட்டும். நெஞ்சுக்குள்ள கடக்குன்னு எலும்பு உரசற மாதிரி சத்தம் வந்தா, தையல்ல நீர் கசிஞ்சா, காய்ச்சல் வந்தா, அன்னிக்கே டாக்டர்கிட்ட பேசணும்.

ராத்திரி அழுகை வருதுன்னு எழுதியிருந்தீங்க, அதப் படிச்சுட்டு தாண்டிப் போக முடியல. பைபாஸ் ஆனவங்கள்ல நெறய பேருக்கு இது வருதுண்ணா, லோடு மேன், மிலிட்டரிக்காரங்க எல்லாரும் எங்க வார்டுல அழுதிருக்காங்க, அதுல வெக்கப்பட எதுவும் இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து இருந்தா, சாப்பாடு தூக்கம் பிடிக்கலன்னா, அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு. அண்ணிகிட்டயும் சொல்லுங்க. தனியா ஹால்ல உக்காந்திருக்க வேண்டாம்.

கொடை_மூஞ்சிக்கல்:

பெரியவர் சொன்னதுல ஒண்ணு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், மன்னிச்சுக்கங்க ஐயா. இழுத்த பிளாஸ்டிக் நூலு கை பட்டா டக்குன்னு ஒடிஞ்சுரும், விரல் மரத்துப் போயிருக்கற இவருக்கு அது வேண்டாம். ரெண்டாவது, தின்னர் மூடி திறந்து கிடக்கற மேசையில ஊதுபத்தி கங்கு கூடவே கூடாது. அதுக்குப் பதிலா ஈஸி லைன்னு ரப்பர் மாதிரி இழுபடற மெல்லிசு நூல் ஆன்லைன்ல கிடைக்கும், ஒரு முனை ஒட்டி காஞ்சதும் லேசா இழுத்து மறு முனைய ஒட்டிட்டா போதும், தெரியாம கை பட்டாலும் வளைஞ்சுட்டு திரும்ப நேராயிரும். அது வர்ற வரைக்கும் பழைய சார்ஜர் ஒயர உரிச்சா உள்ள மெல்லிசு செம்புக் கம்பி இருக்கும், கண்ணாடி மேல வெச்சு ஸ்கேலால உருட்டினா நேராயிரும். மீன் புடிக்கற தங்கூசி நரம்பு 1/48க்கு கொஞ்சம் தடிமனாத் தெரியும்.

நான் கொடைக்கானல்ல பத்து வருசமா மாடல் ஒட்டுறேன், மேகம் தான் நமக்கு மொத எதிரி. சூப்பர் குளூ காத்துல இருக்கற ஈரத்த வெச்சு தான் இறுகுது, அதனால மழை நாள்ல சட்டுனு புடிச்சுக்கும், நேரம் குடுக்காது, சுத்தி வெள்ளையா பூஞ்சை மாதிரி வேற படியும். கம்மியா வெச்சா படியாது. தின்னர்ல கரையற லாக்கர் பெயிண்ட்டும் ஈரத்துல வெளுத்துப் போகும். தண்ணியில கரையற அக்ரிலிக் வாங்கிக்கங்க, வாசமும் கம்மி, என்ன காய மட்டும் லேட் ஆகும். டைகர் மோத்துன்னா அந்த பயிற்சி மஞ்சள் தான அடிப்பீங்க, மஞ்சளுக்கு மூடுற சக்தி கம்மி, கீழ வெள்ளை ப்ரைமர் அடிச்சுட்டு மெல்லிசா மூணு நாலு கோட் குடுங்க, ஒரே தடவையா தடிமனா அடிச்சா வழியும். மழை விட்டு வெயில் வர்ற பதினோரு மணி வாக்குல சன்னல திறந்து வெச்சுட்டு பசை வேலைய முடிச்சுக்கங்க, சாயங்காலத்துக்கு அளக்கறது, தேய்க்கறது மாதிரி வாசம் இல்லாத வேலைய வெச்சுக்கங்க.

அப்புறம் தயவு செஞ்சு, குளிருதுன்னு கரி அடுப்ப ரூமுக்குள்ள வெச்சுட்டு சன்னல சாத்திராதீங்க. நம்ம மலையில குளிர் காலத்துல இதுல உயிர் போயிருக்கு. கரி எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசமே கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய எடத்துல அது உக்காந்துக்கும், இப்பத்தான் ஆபரேசன் ஆன இதயம் அதத் தாங்காது.

கோத்தகிரி_பிக்கப்:

எல்லாரும் இவ்வளவு எழுதினத ரெண்டு தடவ படிச்சேங்க, சம்சாரத்தையும் உக்கார வெச்சு படிச்சுக் காட்டினேன். சிஸ்டர், ரூமுல கரி அடுப்பு இருந்துச்சு, கொடை அண்ணன் எழுதினதப் பாத்த அன்னிக்கே சம்சாரம் வெளிய எடுத்து வெச்சுட்டாங்க. ராத்திரி நான் எந்திரிச்சா இப்ப அவங்களும் எந்திரிச்சு வர்றாங்க, டீ போட்டுட்டு பக்கத்துல உக்காந்து ஊசியில பசை தொட்டுக் குடுக்கறாங்க, அவங்க கை நடுங்கறதே இல்ல.

பன்னெண்டு நாள் ஆச்சு. போன வாரம் ரிவியூ போனேன், விரல் விசயம் சொன்னேன், சிஸ்டர் சொன்ன அதே காரணத்த தான் டாக்டரும் சொன்னாரு, விரலுக்கு பயிற்சி எழுதிக் குடுத்திருக்காரு, களிமண் உருண்டைய அமுக்கறது மாதிரி. மேல் ரெக்கை அட்டைத் தூண் மேல ரெண்டு ராத்திரி இருந்து இப்ப கிண்ணுன்னு நிக்குது. பையன் ஈஸி லைன் அனுப்பினான், இடது பக்கம் நாலு கம்பியும் கட்டியாச்சு, பறக்கறதுக்கு இழுக்கறது எது, தரையில தாங்கறது எதுன்னு பாத்துப் பாத்து கட்டினேன். வலது பக்கம் ஆரம்பிச்சா மேல் ரெக்கை ஒரு நூல் அளவு அந்தப் பக்கம் இழுபடற மாதிரி தெரியுது, ரப்பர் நூலு தானே, அதுவா இழுக்கும்? எங்க தப்பு பண்ணேன் பெரியவரே?

எல்லநள்ளி_பெரியவர்:

நூல் இழுக்காது தம்பி, அது அவ்வளவு பலம் இல்ல. நடுவுல டேங்க்குக்கு கீழ இருக்கற தூணுங்க நடுவுல வர்ற குறுக்கு கம்பிய கட்டாம நேரா வெளிய போயிருப்பீங்கன்னு நினைக்கறேன், இல்லன்னா நடு தூண்ல ஒண்ணு பசை சரியாப் புடிக்கல. மொதல்ல ஒரு குச்சியால நடு தூண் ஒவ்வொண்ணையும் லேசா தொட்டுப் பாருங்க, ஆடுறது எதுன்னு தெரியும், அதுக்கு மட்டும் ஊசியில ஒரு துளி. ஒரு ராத்திரி விடுங்க. அப்புறம் நடு குறுக்கு கம்பி, அதுக்கப்புறம் தான் வலது பக்கம். இடது பக்கம் கட்டினத அறுக்க வேண்டாம், அது இருக்கட்டும்.