சி1க்யூ குறைபாட்டோடு லூபஸ்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

என் தங்கைக்கு 14 வயது. லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது; சிறுநீரக பயாப்ஸியில் நாலாம் வகை பாதிப்பு என்று வந்தது. லூபஸ் தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் சி3, சி4 என்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள் குறைவது வழக்கம்தான். மருந்துக்குப் பிறகு அவை ஏறிவிட்டன, ஆனால் இந்த வகைப் புரதங்கள் எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் சிஎச்50 ரத்தப் பரிசோதனை மட்டும் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. பிறவியிலேயே சி1க்யூ புரதம் இல்லாமல் இருக்கலாம் என்கிறார் டாக்டர். செத்த செல்களை அப்புறப்படுத்த உதவும் புரதமாம். அந்தக் குப்பை தேங்கினால் உடம்பு தன்னையே எதிரியாக நினைக்கத் தொடங்கிவிடுமாம். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அதைச் சொல்லியே அம்மா அழுதுகொண்டிருக்கிறார்.

சென்னையிலோ வேலூரிலோ சி1க்யூ அளவும் மரபணுவும் பரிசோதித்தவர்கள் உண்டா? செலவு எவ்வளவு ஆனது? பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றி யாருக்காவது பலன் கிடைத்ததா? அப்புறம், நானும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? நாட்டு மருந்து யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.