கல்லாவில் கைவைத்த தம்பியை என்ன செய்வது? தேவனுடைய சுபாவத்தைக் காட்டுவது எந்த வழி?

பாளைவாசி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் உட்காரும் தம்பி பில் போடாமல் விற்று, பணத்தை எடுத்திருக்கிறான். கணக்குப் பார்த்ததில் 46,000 ரூபாய் வருகிறது. அவன் மாதச் சம்பளம் 14,000. எங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) பையன்தான், வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்துகிறவன். கேட்டதும் ஒத்துக்கொண்டு அழுதான். போலீசுக்குப் போக வேண்டாம், கடையிலேயே இருக்கட்டும், சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கடையில் பாதிப் பங்கு வைத்திருக்கும் என் உடன்பிறந்த தம்பி சம்மதிக்கவில்லை. "நீ இரக்கம் காட்டுவாய், நஷ்டம் எனக்கா?" என்கிறான். "தேவனைப் பின்பற்றுகிறவர்களாகி" என்று எபேசியர் 5:1 சொல்கிறது. இந்த இடத்தில் அவரைப் பின்பற்றுவது எப்படி? மூத்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெபவீரன்:
பிரதர், முழுக்க மன்னித்துவிடுங்கள். பணத்தையும் கேட்காதீர்கள். மாதாமாதம் பிடித்தால் அது தவணை, மன்னிப்பு ஆகாது. மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து என்ற மாபெரும் கடன் மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தான். அந்த நூறு வெள்ளிப்பணத்தைப் பலர் சில்லறைக் காசு என்று நினைக்கிறார்கள். மத்தேயு 20-இல் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் நூறு நாள் கூலி! உங்கள் கடைத் தம்பிக்கு ஒரு நாள் கூலி 466 ரூபாய் சொச்சம். நூறு நாளுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள், அவன் எடுத்த தொகை வந்துவிடும். வலிக்கிற தொகையைத்தான் ஆண்டவர் உதாரணத்துக்கு எடுத்தார். போலீஸ் என்ற பேச்சே வேண்டாம். 1 கொரிந்தியர் 6-இல் சகோதரன் மேல் வழக்குக்குப் போவதைவிட நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்றுதான் பவுல் கேட்கிறார்.

நாசரேத்காரன்:
பாதி வசனத்தோடு நிறுத்தக்கூடாது. யாத்திராகமம் 34-இல் மோசேக்கு முன்பாகக் கர்த்தர் தம்முடைய குணத்தைத் தாமே கூறுகிறார். இரக்கம், கிருபை, நீடிய சாந்தம் எல்லாம் 6-ஆம் வசனத்தில் இருக்கின்றன. அடுத்த வசனத்திலேயே, குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே தேவன்தான்.

அண்ணாச்சி, உங்கள் கடையில் மற்ற வேலையாட்களும் இருப்பார்கள். அதே சம்பளத்துக்கு நேர்மையாக நின்றவர்கள். "சபைப் பையன் என்பதால் முதலாளி விட்டுவிட்டார்" என்று அவர்கள் நினைத்தால் நீங்கள் காட்டியது தேவனுடைய குணமா, நம்ம ஆள் பாசமா? நம் சபைகளில் கணக்கு விஷயம் எத்தனை முறை இப்படி மூடப்பட்டிருக்கிறது! வெளியில் இருப்பவர்கள் நம்மைப் பற்றி முதலில் சொல்லும் குறையே அதுதான்.

லேவியராகமம் 6-இல் திருடினவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் குற்றநிவாரணபலி. ஆயக்காரனான (வரி வசூலிக்கிறவனான) சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். "வேண்டாம், வைத்துக்கொள்" என்று இயேசு அவனிடம் சொல்லவில்லை. வேலையை விட்டு நிறுத்துங்கள், பணத்தை வாங்குங்கள். புகார் கொடுப்பதும் தப்பில்லை. கணவரையும் இரண்டு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களைக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா மன்னித்தார், அதற்காக வழக்கு நிற்கவில்லையே.

ஜெபவீரன்:
அந்த அம்மாவை இதற்குள் இழுக்காதீர்கள், பிரதர். கொலையும் கல்லாப் பணமும் ஒன்றா?

வக்கீலம்மா:
ஒன்றல்ல. ஆனாலும் அவர் நடந்துகொண்ட விதத்தை இருவருமே முழுதாகப் பார்க்க வேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவர் கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் 10 வயது பிலிப்பையும் 6 வயது தீமோத்தேயுவையும் ஜீப்போடு எரித்தார்கள். கிளாடிஸ் மன்னிக்கிறேன் என்றார், விசாரணைக்குக் குறுக்கே நிற்கவில்லை. 2003-இல் விசாரணை நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கு மரண தண்டனை கொடுத்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இது நாசரேத் அண்ணனின் பக்கம். இன்னொன்றும் உண்டு. அவர் உடனே சொந்த நாடான ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடவில்லை. அதே ஒடிசாவின் பாரிபடாவில் தொழுநோயாளிகளோடு 2004 வரை இருந்து வேலையைத் தொடர்ந்தார். என்னை அசைத்தது இதுதான். மன்னிக்கிறேன் என்று ஒரு நாள் சொல்லிவிடலாம். அதன் பிறகு அதே மண்ணில் தினமும் எழுந்து புண் கட்டுகிறவர்களோடு நிற்பது வேறு.

உங்கள் விஷயத்தில் சட்டம் சொல்வது: ஊழியர் முதலாளியிடம் திருடினால் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. நடைமுறையில் வழக்கு இழுக்கும், அந்தப் பையனுக்கு இனி அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாமே சிக்கல். கொலையில் அரசு தானாக வழக்கு நடத்தும். இங்கே புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில். பணம் பிடிப்பதானால் எழுதி வாங்குங்கள். சம்பளத்தில் பாதிக்குமேல் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

மார்த்தாள்:
என் வீட்டுக்காரர் இருபது வருஷம் துணிக்கடையில் நின்றவர், அதனால் கேட்கிறேன். 14,000-க்கு எத்தனை மணி நேரம் வேலை, அண்ணே? ஏன் எடுத்தான் என்று யாராவது கேட்டீர்களா? நிறுத்திவைக்கப்பட்ட கூலியின் கூக்குரலும் தேவனுடைய செவியில் விழும் என்று யாக்கோபு 5:4-இல் இருக்கிறது. இங்கே எல்லாரும் தொழிலாளியின் பாவத்தை மட்டுமே அளக்கிறீர்கள்.

பாளைவாசி:
நியாயமான கேள்விதான் தங்கச்சி. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை, ஞாயிறு விடுமுறை. சம்பளம் ஒரு மாதமும் தவறியதில்லை. அவன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கி, அது ஏறிவிட்டது என்கிறான்.

நாசரேத்காரன்:
கஷ்டம் உள்ள எல்லாரும் திருடுவதில்லை. கேட்டிருக்கலாமே.

மார்த்தாள்:
கேட்கலாம் என்ற தைரியம் வருகிற மாதிரி கடை இருக்க வேண்டும், அண்ணே. அது முதலாளி பக்கத்துப் பொறுப்பு.

இப்போது உங்கள் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. பிலேமோன் நிருபத்தைப் பாருங்கள். பிலேமோனின் அடிமையான ஒநேசிமு எஜமானுக்கு நஷ்டம் வைத்திருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று பவுல் தன் கையாலேயே எழுதுகிறார். "பிலேமோனே, நீ பெரிய மனசு பண்ணி விட்டுவிடு" என்று அடுத்தவர் பணத்தில் இரக்கம் காட்டவில்லை. மன்னிப்பு என்றால் யாரோ ஒருவர் அந்தத் தொகையைச் சுமக்கிறார். தேவன் நம்மை மன்னித்ததும் அப்படித்தானே, குமாரனைக் கொடுத்துத்தானே! அதனால் தம்பியின் பங்கு 23,000-ஐ உங்கள் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் மன்னிக்கலாம், பிடிக்கலாம், எதுவும் செய்யலாம்.

ஜெபவீரன்:
சிஸ்டர் சொன்னதற்கு ஆமென். ஆனால் பிடித்தம் கூடாது என்பதில் நான் மாறவில்லை.

நாசரேத்காரன்:
23,000 விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். பிடித்தம் வேண்டும். எபேசியர் 4:28 திருடினவனை உழைக்கச் சொல்கிறது, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கும் அளவுக்கு உழைக்கச் சொல்கிறது. திருப்பிக் கொடுத்தால்தான் அந்தப் பையனே தலை நிமிர்வான். அதை அவனிடமிருந்து பறிக்காதீர்கள்.

பாளைவாசி:
தம்பியிடம் பேசினேன். அவன் பங்கை இந்த மாதமே கொடுத்துவிடுகிறேன். பையனைக் கல்லாவிலிருந்து குடோனுக்கு மாற்றுகிறேன். மாதம் 1,000 பிடித்தம், அவன் எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டான். வட்டிக் கடனை நானே அடைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அது அவனை மறுபடியும் இழுக்கும். மற்ற பையன்களிடம் நடந்ததை மறைக்காமல் சொல்வதாக இருக்கிறேன், அவனை வைத்துக்கொண்டே.

நாசரேத்காரன்:
வைத்துக்கொண்டே சொல்வது சரிதான். அவமானப்படுத்துகிற தொனி மட்டும் வேண்டாம். வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்துவதை என்ன செய்யப் போகிறீர்கள்?

பாளைவாசி:
அது கடை விஷயம் இல்லை. அவனே குருவானவரிடம் போய்ச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.