ரோட்டரி இன்ஜின் கார் ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம்கியர்:

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜின் என்றாலே "அதிர்வே இருக்காது, மோட்டார் மாதிரி சுற்றும்" என்பார்கள். தெரிந்தவர் ஒருவரிடம் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இருக்கிறது, ஆறு கியர் மேனுவல். ஓட்டிப் பார்த்தபின் சொல்கிறேன்: அது பாதி உண்மைதான்.

ஐட்லிங்கில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நல்ல ஆறு சிலிண்டர் கார் இதைவிட அமைதியாக நிற்கும். கிளட்சை விட்டுக் கிளம்பினால் கீழே இழுவையும் இல்லை. 654 சிசி ரோட்டர் இரண்டு, மொத்தம் 1.3 லிட்டர், டர்போ கிடையாது. 2000 ஆர்பிஎம்மில் நாலாவது கியரில் மிதித்தால் யோசித்து யோசித்துத்தான் நகர்கிறது.

4000 தாண்டியபின்தான் விஷயமே. சாதாரண நாலு சிலிண்டர் காரில் 5000க்கு மேல் போனால் கியர் லீவரில் ஒரு கூச்சம் வரும், பெடல் லேசாக நடுங்கும், சத்தம் கரகரக்கும். போதும் விடு என்று கார் கெஞ்சும். இதில் அந்தக் கெஞ்சலே கிடையாது. 5000, 6000, 7000 என்று சத்தத்தின் சுருதி மட்டும் ஏறுகிறது, கைக்கும் காலுக்கும் ஒரு சேதியும் வரவில்லை. திடீரென்று "பீப்" என்றது. சீட் பெல்ட்டோ கதவோ என்று டாஷ்போர்டில் தேடினால், பக்கத்தில் இருந்தவர் சிரிக்கிறார்: "கியரை மாத்துங்க சார்." முள் 9000 சிவப்புக் கோட்டை நெருங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் அந்த பீப். மாஸ்டாவின் பழைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7 காலத்திலிருந்தே வைத்தார்களாம். உடம்புக்குத் தெரியாததைக் காதுக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று அப்புறம் உட்கார்ந்து படித்தேன். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 200 தடவை நின்று திசை திரும்புகிறது. நாலு சிலிண்டரில் இரண்டு மேலே போகும்போது இரண்டு கீழே வருவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து வருவதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்பாதியில் கொஞ்சம் மெதுவாகவும் ஓடுகிறது. அந்த வித்தியாசம் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை இன்ஜினை மேலும் கீழும் உலுக்குகிறது. கியர் லீவரில் வரும் கூச்சத்தில் பெரும்பங்கு இதுதான். ரோட்டர் நிற்பதும் இல்லை, திசை மாறுவதும் இல்லை. அதன் மையம் வட்டமாகச் சுற்றுவதால் ஷாஃப்டில் எதிர் எடை வைத்தே சமன் செய்துவிடலாம். இன்னொன்று, ஷாஃப்ட் மூன்று சுற்று போனால்தான் ரோட்டர் ஒரு சுற்று. முள் 9000 காட்டும்போது உள்ளே ரோட்டர் 3000தான் சுற்றுகிறது!

வெடிப்புகளின் எண்ணிக்கை நாலு சிலிண்டருக்கும் இந்த ரோட்டரிக்கும் ஒரே அளவுதான், ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு. ஆனால் பிஸ்டன் ஒரு வெடிப்பில் ஷாஃப்டை 180 டிகிரிக்குத் தள்ளுகிறது, ரோட்டர் 270 டிகிரிக்கு. ஒன்று முடிவதற்குள் அடுத்தது பிடித்துவிடுகிறது. நடுவே இடைவெளி விழுவதில்லை.

பழையஏழு:

நீங்கள் ஓட்டியது புது டிசைன் நண்பரே. நான் இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வைத்திருந்தவன். மேலே நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கூட்ட நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்து பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி முன்னும் பின்னும் உதறும், திரும்ப மிதித்தால் மறுபடி ஒரு உதறல். கிளட்சை மிதித்தால்தான் அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

காரணம் சின்னதுதான். அந்த இன்ஜின்களில் புகை வெளியேறும் துவாரமும் காற்று நுழையும் துவாரமும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும். லேசாக மிதிக்கும்போது பழைய புகை புதுக் கலவையோடு கலந்து, சில வெடிப்புகள் விட்டுப்போகும். ஆர்எக்ஸ்-8இல் புகைத் துவாரத்தைப் பக்கச் சுவருக்கு மாற்றி அதைச் சரிசெய்தார்கள். 1967இல் வந்த என்எஸ்யூ ரோ 80 காரில் வேறு வழி: இன்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் போட்டார்கள், உதறலை எண்ணெய் விழுங்கிக்கொண்டது. கிளட்ச் பெடலே கிடையாது, கியர் குமிழைத் தொட்டாலே கிளட்ச் விலகும்.

ஆறுவரிசை:

நேர்வரிசை ஆறு சிலிண்டரும் இயல்பிலேயே முழுச் சமன்தானே அண்ணா? அதைவிட ரோட்டரி உசத்தியா?

மூன்றாம்கியர்:

நல்ல கேள்வி தம்பி. ஐட்லிங்கிலும் நடுவேகத்திலும் என் ஓட்டு ஆறு சிலிண்டருக்குத்தான். அதில் சுற்றுக்கு மூன்று வெடிப்பு, கீழேயே இழுவையும் இருக்கும். மேலே போகப் போக ஆறு சிலிண்டரிலும் வால்வு, அதைத் திறக்கும் கேம் எல்லாம் சேர்ந்து ஒரு உழைப்புச் சத்தம் வரும், கேட்க நன்றாகவே இருக்கும். ரோட்டரியில் வால்வும் இல்லை, கேமும் இல்லை. உழைக்கிற மாதிரியே தெரியாது. எனக்கு அது பிடித்தது, சிலருக்கு உயிரில்லாத மாதிரி இருக்கலாம். ஆனால் நாலு சிலிண்டரோடு ஒப்பிட்டால் பேச்சே இல்லை.

பழையஏழு:

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பிஸ்டன் இன்ஜின் கெட ஆரம்பித்தால் பெரும்பாலும் கைக்குத் தெரிந்துவிடும். ரோட்டரி ஓட்டத்தில் காட்டிக்கொடுக்காது. கசிவைத் தடுக்கும் ரோட்டர் முனை சீல் தேய்ந்து கம்ப்ரஷன் (உள்ளே அமுக்கும் அழுத்தம்) இறங்கியிருந்தாலும் மேல்வேகத்தில் வழுக்கிக்கொண்டே போகும். அதனால் ஓட்டிப் பார்த்து மயங்காதீர்கள். நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, அணைத்து, சில நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பிடிக்காமல் இழுத்தடித்தால், விலை பேசுவதற்கு முன் ரோட்டரிக்கென்று உள்ள கருவியில் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. அப்புறம் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சீல்களுக்காக இந்த இன்ஜின் கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கத்தான் செய்யும். ஆயில் குறைகிறதே என்று பதறவும் வேண்டாம், பார்க்காமல் விடவும் வேண்டாம்.