அப்பாவுக்கு யூரின் டியூப் ஓரமாகக் கசிகிறது, பேக் நிறையவில்லை. பெரிய நம்பர் டியூப் போடலாமா?

நெல்லை மகள்:
அப்பாவுக்கு 76 வயது. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் வரை இருக்கட்டும் என்று டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று 12ஆம் நாள். மூன்று நாளாக டியூபைச் சுற்றிக் கசிந்து வேட்டி நனைகிறது. காலைக்குள் 700 மில்லி சேரும் பேக்கில் இன்று 300தான். டியூபில் 16 என்று போட்டிருக்கிறது. மருந்துக் கடையில் "18 நம்பர் போட்டால் கசியாது, அதுவரை டயப்பர் கட்டுங்கள்" என்கிறார்கள். டயப்பர் என்றாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன செய்யட்டும்?

வீட்டு நர்ஸ்:
முதலில் ஒன்றைப் பாருங்கள் தங்கச்சி. பேக்கில் மூன்று நான்கு மணி நேரமாக ஒன்றுமே இறங்கவில்லையா? அடிவயிறு உப்பி வலிக்கிறதா? குளிர்காய்ச்சல், ரத்தக்கட்டி ஏதும் உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்படி இல்லையென்றால், உடம்பிலிருந்து பேக் வரை டியூபை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். எங்காவது மடங்கியிருக்கிறதா? பேக் எங்கே இருக்கிறது? மலம் கடைசியாக எப்போது போனார்? டியூபைத் தொடையில் எப்படி ஒட்டியிருக்கிறீர்கள்?

18க்கு அவசரப்படாதீர்கள். சிறுநீர்ப்பைக்கு டியூபும், அது கழன்று வராமல் உள்ளே பிடித்திருக்கும் நுனிப் பலூனும் உறுத்தல்தான். சிறுநீர்ப்பை சுருங்கும்போது சிறுநீர் டியூபுக்குள் போகாமல் ஓரமாகத் தெறிக்கும். டியூப் பெரிதானால் உறுத்தல் கூடும்.

நெல்லை மகள்:
காய்ச்சல் இல்லை அக்கா. சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கட்டில் தாழ்வு, பேக் தரையில் படுகிறதே என்று மெத்தையில் அவர் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மலம் போய் நான்கு நாள் ஆகிறது. பிளாஸ்டரில் தோல் உரிந்ததால் எடுத்துவிட்டேன், டியூப் சும்மா தொங்குகிறது. நனையும் என்று பயந்து தண்ணீரும் குடிக்க மாட்டேன் என்கிறார்.

வீட்டு நர்ஸ்:
காரணம் எல்லாமே நீங்கள் சொன்னதில் இருக்கிறது. சிறுநீர் தானாகக் கீழே இறங்க வேண்டும். பேக் மெத்தையில் இருந்தால் இறங்காது, பேக்கில் கிடந்தது திரும்பவும் போகலாம், அதோடு கிருமியும் போகும். சுத்தமான அகல வாளி ஒன்றைக் கட்டில் ஓரம் வைத்து பேக்கை அதற்குள் விடுங்கள். தரையிலும் படாது, சிறுநீர்ப்பைக்குக் கீழேயும் இருக்கும்.

மலச்சிக்கலை யாரும் யோசிப்பதில்லை. குடலில் மலம் கெட்டிப்பட்டு நின்றால் சிறுநீர்ப்பையையும் டியூபையும் அழுத்தும். டாக்டரிடம் கேட்டு சிரப் கொடுங்கள். இதயம், கிட்னிக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, நன்றாகக் குடிக்கட்டும்.

இப்போது வாங்க வேண்டியது கதீட்டரை, அதாவது இந்த யூரின் டியூபை, தொடையில் சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப் ஒன்றுதான். தோலில் பசை படாது. காலை நீட்டி மடக்கினாலும் டியூப் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

தம்பிக்காக:
என் தம்பிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து நானும் இதே பாடம் படித்தவன். டயப்பருக்குப் பதில் வேட்டிக்கடியில் அண்டர்பேட், அதாவது ஈரத்தை உறிஞ்சும் படுக்கை விரிப்பு, விரியுங்கள், ஈரம் உடம்போடு ஒட்டாது, அப்பாவுக்கும் மனசு நோகாது. ஆணுறை மாதிரி வெளியே மாட்டுகிற காண்டம் கதீட்டர் வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது தானாகச் சிறுநீர் போகிறவர்களுக்கு. அடைப்பு உள்ளவருக்கு அதில் ஒன்றும் வராது.

தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம், பவுடர் வேண்டாம். உடம்புப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவினால் மறக்காமல் முன்னே கொண்டுவந்துவிட வேண்டும். அப்படியே விட்டால் வீங்கி இறுகிவிடும், அது தனி அவசரம்.

மஞ்சள் நிற டியூப் பெரும்பாலும் லேடெக்ஸ். ஆபரேஷன் தள்ளிப்போனால் முழு சிலிகான் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சுவர் மெல்லியது, அதனால் அதே நம்பரிலேயே உள்வழி அகலமாக இருக்கும். 12 வாரம் வரை வைக்கக்கூடியது.

நெல்லை மகள் (நான்கு நாள் கழித்து):
முழங்காலுக்குப் பின்னால் மடங்கித்தான் கிடந்தது! நிமிர்த்தியதும் கடகடவென்று இறங்கியது. சிரப்புக்கு மறுநாளே மலம் போனது. இன்று காலை 800 மில்லி. எப்போதாவது சுருக்கென்று வலித்துக் கொஞ்சம் கசிகிறது, அதற்கு டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். 16 நம்பரே இருக்கட்டும் என்றுவிட்டார். அப்புறம் இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் கல்யாணம், பேக்கைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறார்.

வீட்டு நர்ஸ்:
கண்டிப்பாக அழைத்துப் போங்கள். காலில் கட்டுகிற லெக் பேக் 500, 750 மில்லி அளவுகளில் கிடைக்கும், வேட்டிக்குள் வெளியே தெரியாது. பட்டையை இறுக்கக் கட்ட வேண்டாம், பாதி நிறைந்ததுமே காலி செய்யுங்கள். ராத்திரி அதைக் கழற்றாமல், அதன் அடிக்குழாயில் 2 லிட்டர் பேக்கை மாட்டித் திறந்துவிடுங்கள். டியூப் பக்கம் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு வழி. சனிக்கிழமையே கட்டி வீட்டுக்குள் நடக்கவிட்டுப் பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று அப்பாவே சொல்லிவிடுவார்.