ரெனோ 4 மாடல்: இப்போதைய நிலவரம்

ரெனோ 4 காரின் 1/24 அளவு (நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு) மாடல் கிட் ஒன்றை, பிரான்ஸ் மாணவர்கள் மொராக்கோ பாலைவனத்துக்கு ஓட்டிப்போகும் 4எல் டிராஃபி ராலி வண்டியாக மாற்றப்போவதாகப் படத்தோடு போட்டிருந்தேன் அல்லவா, அது ஏறக்குறைய முடிந்துவிட்டது.

பின்சக்கரம் ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதே, கோணலாக ஒட்டிவிட்டீர்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நிஜ வண்டியே அப்படித்தான்! பின்பக்க டார்ஷன் பார்கள் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொடுக்கும் கம்பிகள்) இரண்டும் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால் வலப்பக்க வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, இடப்பக்கத்தைவிட 48 மி.மீ. அதிகம், இந்த அளவில் 2 மி.மீ. வரும், அதைச் சரிசெய்கிறேன் என்று யாரும் கை வைத்துவிடாதீர்கள்.

கூரை கேரியர் பித்தளைக் கம்பியில் சால்டர் வைத்தது. டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர் லீவருக்குக் குண்டூசி, அதன் தலைக்குக் கருப்பு பெயின்ட், அவ்வளவுதான். புழுதிக்குப் பேஸ்டல் சாக்கைச் சுரண்டி, சக்கர வளைவுகளில் பிரஷ்ஷால் தட்டினேன். அதற்கு முன் மேட் வார்னிஷ் கட்டாயம், பளபளப்பின் மேல் தூள் நிற்காது.

கதவு எண் ஸ்டிக்கர் மட்டும் பாக்கி. அப்புறம் சிட்ரோன் 2சிவி கார் மாடலை ஆரம்பிக்கலாம் என்றால், அலமாரியில் இடமில்லை என்று வீட்டில் இப்போதே சொல்லியாகிவிட்டது.