லேடி சாட்டர்லிய டிவில எடுத்தா ஏன் வெறும் லவ் ஸ்டோரியா ஆயிடுது?

மழைத்தவளை:
நேத்து நைட்டு, டி.எச். லாரன்ஸ் நாவல வச்சு பிபிசி 2015ல எடுத்த லேடி சாட்டர்லி பாத்தேன். ஒன்றரை மணி நேரந்தான், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பெரிய வீட்டுப் பொண்ணு, போர்ல அடிபட்டு இடுப்புக்குக் கீழ விளங்காமப் போன புருஷன், எஸ்டேட் காட்டுக் காவக்காரன், அவ்ளோதானே? இதுக்கா கோர்ட் வரைக்கும் போனாங்க? புக்கு படிச்சவங்க சொல்லுங்க, எதை விட்டுட்டாங்க?

பழையபேப்பர்:
பேச்சை விட்டுட்டாங்க. புக்குல அந்தக் காவக்காரன் மெல்லர்ஸ் பட்டாளத்துல ஆபீசரா இருந்தவன், படிச்சவங்க இங்கிலீஷ் நல்லாவே வரும், ஆனா கோனிகிட்ட, அதான் லேடி சாட்டர்லிகிட்ட, திடீர்னு டெர்பிஷயர் ஊர்ப் பேச்சுக்குத் தாவிடுவான், சில நேரம் கொஞ்சறதுக்கு, சில நேரம் நீ எங்க நான் எங்கன்னு குத்திக் காட்டறதுக்கு. அவ அக்கா ஹில்டாவுக்கு அதைக் கேட்டாலே பத்திக்கும், ஒழுங்கா பேசத் தெரியும்ல, அப்புறம் எதுக்கு இப்படிம்பா. இதெல்லாம் சப்டைட்டில்ல எங்க தெரியப் போகுது.

அப்புறம் அந்த மோட்டார் வீல்சேர் சீன்! மேடு ஏற முடியாம பூவெல்லாம் நசுக்கிட்டு நின்னுடும், அதுல உக்காந்திருக்கற புருஷன் கிளிஃபோர்ட் தள்ளாத தள்ளாதன்னு கத்துவான், கடைசில மெல்லர்ஸ்தான் மூச்சிரைக்கத் தள்ளணும், கோனியும் கூட சேந்து தள்ளுவா. அந்த ஒரு அத்தியாயம் போதும்யா.

சர்க்கரைகம்மி:
நான் எதிர்க்கட்சி. லாரன்ஸ் மெஷின், பணம்னு பக்கம் பக்கமா கிளாஸ் எடுப்பாரு, வெட்டினதே புண்ணியம். கோர்ட் சமாச்சாரம் கெட்ட வார்த்தை மட்டும் இல்லங்க. 1960ல இங்கிலாந்துல பென்குயின் பதிப்பகம் 3 ஷில்லிங் 6 பென்ஸுக்குப் போட்டான், யார் வேணா வாங்கலாம். ஆபாசம்னு போட்ட கேஸ்ல அரசு வக்கீல் ஜூரியப் பாத்து உங்க பொண்டாட்டியோ வேலைக்காரங்களோ இதைப் படிக்கறது உங்களுக்கு சம்மதமான்னு கேட்டாரு பாருங்க, நாவலை விட அதுலதான் மேல்தட்டு கீழ்த்தட்டு வித்தியாசம் நல்லாத் தெரியுது. அங்க பென்குயின் ஜெயிச்சுது, இங்க 1964ல நம்ம சுப்ரீம் கோர்ட் இதே புக்க வித்த பம்பாய் கடைக்காரர் தண்டனைய உறுதி பண்ணிடுச்சு.

பழையபேப்பர்:
லெக்சர் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். ஆனா முடிவையும்ல மாத்தறாங்க? 1993ல கென் ரஸல் எடுத்த நாலு எபிசோட் சீரியல்ல ரெண்டு பேரும் கப்பலேறி கனடா போயிடுவாங்க. புக்குல டிவோர்ஸே கிடைக்கல, அவ கர்ப்பமா ஸ்காட்லாந்துல, அவன் ஏதோ பண்ணைல கூலிக்கு, ஒரு லெட்டரோட முடிஞ்சிரும்.

மழைத்தவளை:
லெட்டரோடயா?? சரி, முதல்ல அந்த 1993 பாத்துடறேன், சப்டைட்டில ஆஃப் பண்ணிட்டு.

பழையபேப்பர்:
ஆஃப் பண்ணாதீங்க. அதுல மெல்லர்ஸ் ஷான் பீன், ஆளு டெர்பிஷயருக்குப் பக்கத்து ஷெஃபீல்ட்காரரு, எனக்குப் பாதி புரியல.